ஏழாவது சாலின் தாகம்

ஆவணி பிறந்து பத்து நாளாகியும் மழை எட்டிப் பார்க்காத அந்த வருசம், எங்கள் நரிக்கல்கொட்டாயில் ஒருவர் குடித்த தண்ணீர் இன்னொருவருடைய தாகத்தைத் தீர்க்க ஆரம்பித்தது. வெளியூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் ஊரில் தாகம் அவரவர் தொண்டையிலேயே எடுத்து அவரவர் தொண்டையிலேயே அடங்குகிறது என்றால் அது அவர்கள் கொடுத்துவைத்தது, எங்களுக்கு அந்த நாற்பத்தாறு நாளும் அப்படி இல்லை.

முதலில் தெரிந்தது டீக்கடைக் குமரவேலுக்கும் ஆடு மேய்க்கிற மாரக்காவுக்கும்தான். குமரவேல் மூன்று நாளாகச் சொம்பு சொம்பாகக் குடித்தும் நாக்கு வறண்டபடியே இருக்க, குழம்பில் உப்பு ஏறிவிட்டது என்று பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டிருந்தான். மாரக்காவோ தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுக் கரட்டுக்கு ஏறிய நாளில்கூடத் தொண்டை தானாக நனைந்து நனைந்து வந்ததைக் கண்டு, பேர் தெரியாத ஏதோ ஒரு வியாதி வந்துவிட்டது என்று பயந்து கிடந்தாள். நாலாம் நாள் மத்தியானம் அவள் கடைக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள், டம்ளரை வாயருகே கொண்டுபோனாள், அந்நேரம் பாய்லருக்குப் பின்னால் நின்ற குமரவேல் தன் சொம்பை அண்ணாந்து ஊற்றிக்கொண்டான், மாரக்கா குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போதும்பா, தீந்துபோச்சு" என்றாள்.

"நீ எங்க குடிச்ச? டம்ளர் அப்படியே இருக்குதே."

"அதாம்பா எனக்கும் தெரியல."

குமரவேல் அந்த டம்ளரை அவளிடமே கொடுத்துக் குடிக்கச் சொன்னான். தாகமில்லாமல் எப்படிக் குடிப்பது என்று முனகிக்கொண்டே அவள் குடிக்க, அவனுக்கு மூன்று நாள் வறட்சியும் ஒரே மடக்கில் அடங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனான், அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

வாரம் முடிவதற்குள் ஊரில் எல்லாருக்கும் இப்படியே ஆகிவிட்டது. ஏன் ஆனது என்று நாங்கள் ரொம்ப நாள் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை, முதலில் யாருக்கு யார் சோடி என்று கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு வெந்துபோகும். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கிற புங்கமரத்தடியில் தினமும் சாயங்காலம் ஊர் கூடியது, ஒவ்வொருவராக நடுவில் வந்து உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்கள், யாருக்குத் தொண்டை நனைந்ததோ அவர்கள் கையைத் தூக்கினார்கள். வாய்க்கால் தகராறில் எட்டு வருசமாகப் பேசாமல் இருந்த இரண்டு பங்காளிகள் சோடியாக வந்து சேர்ந்தார்கள், ஒருவன் கோபித்துக்கொண்டு குடிக்காமலிருந்தால் மற்றவன் காய்ந்தான், மற்றவன் பதிலுக்குக் குடிக்காமலிருந்தால் இவன் காய்ந்தான், ஐந்தாம் நாள் இருவரும் பேசாமலே எதிரெதிரே உட்கார்ந்து மணிக்கொரு தரம் குடிக்கப் பழகிக்கொண்டார்கள். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவர்கள் வேலைக்கு நடுவே ஊருக்குப் போன் போட்டு, நலமா என்று கேட்பதை விட்டுவிட்டு, குடிச்சாச்சா என்று கேட்டார்கள். கொல்லைக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் தண்ணீர்க் குடத்தைச் சுமக்காமல், வீட்டிலிருக்கும் சோடிக்காரரிடம் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேலத்தெருப் பெரியவர் ராமசாமி செத்துப்போகிற அன்று, அவர் வாயில் மகன்கள் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியபோது, ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த வேறொரு வீட்டு மருமகப்பெண்ணுக்குத் தொண்டை சில்லென்று குளிர்ந்து, எதற்கென்று தெரியாமல் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அழுதாளாம். அவள் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து அவள் குடித்தது அவளுக்கே தீர்ந்தது.

இப்படி ஊரே தட்டுத்தடுமாறி ஒரு வழிக்கு வந்தபோது, சோடி கிடைக்காமல் மிஞ்சிய ஒரே ஆள் சென்னம்மாதான்.

சென்னம்மா திம்மராயனின் பெண்டாட்டி, நாற்பது வயது, நடந்தால் மண் அதிரும் என்று நாங்கள் கேலி செய்கிற உடம்பு. அந்த உடம்பு ஒரு மாசத்தில் கொடிமேல் போட்ட புடவை மாதிரி ஆகிவிட்டது. விடிந்ததும் ஒரு குடம், கொல்லையில் ஒரு கேன், மத்தியானம் திம்மராயன் சாப்பிட்டு எழுந்த பிறகு அவன் தட்டுக்குப் பக்கத்தில் தொடாமல் இருக்கும் சொம்புத் தண்ணீர், எல்லாவற்றையும் குடித்தாள். வயிறு நிறையும், தொண்டை நனையாது, உதடு வெடித்து ரத்தம் கசியும். ஆஸ்பத்திரியில் உடம்பில் தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாருக்காகக் குடிக்கிறோம் என்று தெரிந்தால்கூட மனசு ஆறும், யாரென்றே தெரியாத ஒருவருக்குக் குடித்துக் குடித்துச் செத்துப்போவேன் போலிருக்கிறதே என்று பக்கத்துக் கொல்லை அலமேலுவிடம் சொல்லி அழுதாள்.

திம்மராயனுக்குச் சோடி யார் என்று யாரும் கேட்கவில்லை, நடுவில் வந்து உட்காரவும் சொல்லவில்லை, ஏனென்றால் அவன் தாகம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. களியை உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்குவான், அதோடு சரி. "ஆம்பள ராகி மாதிரி இருக்கணும்டா, தண்ணி தண்ணின்னு அலையக் கூடாது" என்று டீக்கடையில் பெருமை பேசுவான். நாங்களும் தலையாட்டினோம். இப்போது நினைத்தால் எங்கள் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ராகி என்றதும் எங்கள் விதைப்பைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மானாவாரிக் கொல்லையில் ஆறு சால் ராகி, ஏழாவது சால் துவரை. ஆறு சாலும் வீட்டுக்கு, அதாவது ஆம்பளைக்கு. ஏர் ஏழாவது சால் ஓட்டும்போது பெண்டாட்டி பின்னால் நடந்து, மடியில் கட்டிய துவரையைத் தன் கையால் போட்டுக்கொண்டே போவாள், அந்தச் சால் அவளுடையது. அதில் விளைந்ததை அவள் உடைத்துப் பருப்பாக்கினாளா, பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோனாளா, விற்றுத் தோடு வாங்கினாளா என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஊர் கூடிச் சொன்னாலொழிய ஆம்பளை அந்தச் சாலில் கை வைக்கக் கூடாது. கட்டிவந்த இருபத்திரண்டு வருசத்தில் சென்னம்மாவுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அந்தச் சால் ஒன்றுதான்.

அந்த வருசம் மழை இல்லாமல் ராகி மத்தியானத்தில் தலையைத் தொங்கப்போட்டது, துவரை மட்டும் இடுப்பளவு வளர்ந்து பச்சைப்பசேலென்று நின்றது. ஆம்பளைகளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. துவரைதான் ராகியின் தண்ணீரை உறிஞ்சுகிறது, பிடுங்கி எறிந்தால் ராகி பிழைக்கும் என்று முதலில் சொன்னவன் திம்மராயன்.

"ராகி வாடுது, துவரை பச்சையா நிக்குது. எது குடிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியல?" என்றான்.

"நான்கூடத்தான் குடம் குடமா குடிக்கறேன், என் மூஞ்சியப் பாருய்யா, பச்சையாவா இருக்குது?" என்றாள் சென்னம்மா.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இடையில் வேளாண்மை ஆபீசரம்மா ஒரு நாள் விடியற்காலையில் ஜீப்பில் வந்து, சென்னம்மாவின் துவரைச் சாலை ஒட்டி ஒரு சாண் ஆழத்துக்குப் பறித்துக் காட்டினார். ஊரெல்லாம் புழுதி பறக்கிற காலத்தில் அந்த மண் பிழிந்த துணி மாதிரி ஈரமாக இருந்தது. துவரை வேர் ஆள் உயரத்துக்குக் கீழே போய்க் குடிக்கிறது, பொழுது சாய்ந்ததும் அதில் கொஞ்சத்தை மேல்மண்ணில் விட்டுவிடுகிறது, கீழே போக முடியாத ராகி வேர் அதைக் குடித்துத்தான் விடியும்போது நிமிர்கிறது என்றார். மத்தியானம் தொங்கிய ராகி காலையில் நிமிர்ந்திருப்பதை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் புரியவில்லை.

"கீழ இருக்கற தண்ணிய மேல இறைக்குதுன்னா, அதுக்குக் கரண்டு யாரு குடுக்கறதுங்க?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர் சடையப்பன். எல்லாரும் சிரித்தோம். தனக்குத் தாகமெடுத்தால் தெருக்கோடியில் ஒருத்தி குடிக்க வேண்டும் என்கிற நிலைமையில் இருந்துகொண்டு சிரித்தோம். ஆபீசரம்மாவுக்கு அந்த விசயம் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை.

புரட்டாசி மூன்றாவது திங்கட்கிழமை ஊர் கூடியது. சென்னம்மாவின் தாகத்தையும் துவரையையும் சேர்த்து அன்றே தீர்த்துவிடுவது என்று பேச்சு. ஓசூரில் இருப்பவர்களையெல்லாம் போனில் பிடித்து வைத்திருந்தோம். சென்னம்மா புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள், அலமேலு சொம்பைக் கொடுத்தாள், ஊர்க்கவுண்டர் எழுந்து நின்றார்.

"சின்னவங்க பெரியவங்க யாரா இருந்தாலும் சரி, தொண்டை நனைஞ்சவங்க கையத் தூக்குங்க. வெக்கப்படாதீங்க."

அவள் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு கையும் எழவில்லை. போனிலும் யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. திம்மராயன் கோயில் சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் துண்டுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தான், அதை நாங்கள் பார்த்தோம், குளிருகிறது போலிருக்கிறது என்று நினைத்தோம், அந்த வெயிலில்.

"இன்னொரு சொம்பு குடும்மா" என்றார் ஊர்க்கவுண்டர். குடித்தாள். மறுபடியும் ஒருவரும் அசையவில்லை. மூன்றாவது சொம்பில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அதைப் பார்த்துச் சில பேர் தாங்களாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு அரைக்கையைத் தூக்கிக் கீழே போட்டார்கள்.

அப்போதுதான் கூட்டத்தில் யாரோ, யார் என்று இன்றைக்கு ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை, மனுசரில் சோடி இல்லையென்றால் அந்தத் தண்ணீர் வேறெங்கே போகும், அவள் கையால் போட்ட துவரைக்குத்தான் போகிறது, அதனால்தான் அவள் கொல்லைத் துவரை அத்தனை பச்சையாக இருக்கிறது என்று சொன்னார்கள். எங்களுக்கு அது பளிச்சென்று சரியாகப் பட்டது. ராகியையும் குடிக்கிறது, பொம்பளையையும் குடிக்கிறது, பிடுங்கினால் ராகியும் பிழைக்கும் சென்னம்மாவும் பிழைப்பாள். அலமேலு தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏழாவது சால்ல கை வெக்கறதுக்கு அவ தாகம் ஒரு சாக்கா உங்களுக்கு?"

"அவ நல்லதுக்குத்தாம்மா சொல்றோம்" என்றார் ஊர்க்கவுண்டர். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார், பாவம். புதன்கிழமை காலையில் எல்லாக் கொல்லையிலும் துவரையைப் பிடுங்குவது என்று முடிவானது. சென்னம்மா திம்மராயனைப் பார்த்தாள், அவன் ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தாள், அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

புதன்கிழமை விடிந்ததும் அவள் வீட்டிலிருந்த குடம், சொம்பு, கேன் எல்லாவற்றையும் வாசலில் கவிழ்த்து வைத்தாள். கூப்பிட வந்த அலமேலுவிடம், "குடிச்சாலும் காயுது, குடிக்காட்டியும் காயுது. இனிமே யாருக்கும் குடிக்கப் போறதில்ல, எவன் செத்தாலும் சரி" என்றாள். நிலைக்கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவளை விட்டுப் போக மனசில்லாமல் அலமேலுவும் உட்கார்ந்தாள்.

நாங்கள் எல்லாரும் கொல்லையில் இறங்கினோம். பக்கத்துப் பக்கத்துக் கொல்லை, ஆளுக்காள் தெரிகிற தூரம். பொம்பளைகள் வரப்பில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், எங்களுக்கும் கை ஓடவில்லை, ஆனால் ஊர் சொன்னது, மண்வெட்டியால் வெட்டி வெட்டிப் பிடுங்கிக்கொண்டே போனோம். திம்மராயன் சென்னம்மாவின் சாலில் முதல் செடியைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. குந்தி உட்கார்ந்து இழுத்தான், வரவில்லை. கடப்பாரையால் சுற்றிப் பறித்து, அந்த ஒரு செடியை வெளியே எடுப்பதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கை நீளத்துக்கு வேர் வந்து, அதற்குக் கீழே இன்னும் போகிறது என்று காட்டிவிட்டு அறுந்தது, அறுந்த முனையில் ஈரமண் ஒட்டியிருந்தது. அவன் அதை விரலால் தொட்டுப் பார்த்ததைப் பக்கத்துக் கொல்லையிலிருந்து பார்த்தோம்.

அப்புறம் அவனுக்குத் தாகமெடுத்தது. நாற்பது நாளில் முதல் தடவையாக எடுத்த தாகம், சேர்த்து வைத்து எடுத்தது. கடப்பாரை கையிலிருந்து நழுவியது, சாலிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தான், தண்ணி தண்ணி என்று கத்தினான். ராகி மாதிரி இருக்கிற ஆம்பளை கத்துகிறானே என்று குமரவேல் ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். திம்மராயன் கேனை அப்படியே வாயில் கவிழ்த்துக் குடித்தான், மீசையிலும் மார்பிலும் வழிய வழியக் குடித்தான், குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

வீட்டில் நிலைக்கதவில் சாய்ந்திருந்த சென்னம்மாவுக்கு அந்நேரம் தொண்டை நனைந்தது. முதலில் பிரமை என்று நினைத்தாளாம். அப்புறம் ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு என்று குளிர்ச்சி உள்ளே இறங்கிக்கொண்டே இருக்க, வெடித்த உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "அலமேலு, யாரோ எனக்குக் குடிக்கறாங்கடி" என்றாள். அலமேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. சென்னம்மாவுக்கு இரண்டு நிமிசம் புரியவில்லை, மூன்றாவது நிமிசம் தட்டுக்குப் பக்கத்தில் தினமும் தொடாமல் இருந்த சொம்பு ஞாபகத்துக்கு வந்தது. தான் குடித்ததெல்லாம் எங்கே போனது, அவன் ஏன் ஒரு நாளும் குடிக்கவில்லை, அவன் குடிக்காததால் தனக்கு ஏன் ஒரு நாளும் தீரவில்லை, புங்கமரத்தடியில் துண்டுக்குள் இருந்த கைகள் எதை மறைத்தன, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எழுந்தாள், கவிழ்த்து வைத்த சொம்பை நிமிர்த்தி அலமேலு வீட்டுக் குடத்தில் முக்கினாள், தளும்பத் தளும்பக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள், மண் அதிர்ந்தது.

அவள் வரப்பில் வந்து நின்றபோது திம்மராயன் காலிக் கேனை மடியில் வைத்துக்கொண்டு நாக்கு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பிடுங்கிய துவரைச்செடி கிடந்தது. சுற்றியிருந்த கொல்லைகளில் நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம்.

"குடி" என்றான் அவன், குரலே வரவில்லை. "ஒரு மடக்கு குடி, சென்னம்மா. உசிரு போவுது."

"உனக்குத் தெரியுமா? எத்தினி நாளாத் தெரியும்?"

அவன் பக்கத்தில் கிடந்த செடியை முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"மூணு சொம்பு குடிச்சேனேய்யா அன்னைக்கி. ஊரே பாத்துச்சே."

"எப்படிச் சொல்றது? துவரை குடிக்குது துவரை குடிக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, என் தாகத்துக்கு எம் பொண்டாட்டி குடிக்கறா, நான் சும்மா உக்காந்திருக்கறேன்னு எப்படி..."

"நான் செத்திருப்பேன்."

"தெரியும்."

சென்னம்மா சொம்பை வாய்வரை கொண்டுபோனாள், மறுபடியும் கீழே இறக்கினாள். அவள் அதை அங்கேயே கொட்டிவிட்டுப் போயிருந்தால் நாங்கள் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டோம்.

"கையத் தூக்குய்யா" என்றாள்.

அவன் சுற்றிலும் பார்த்தான், அத்தனை கொல்லைகளிலும் ஊர் நின்றது. வலது கையைத் தூக்கினான், காதுவரை.

"நல்லாத் தூக்கு."

தலைக்குமேல் தூக்கினான். கையில் துவரை வேரின் ஈரமண் அப்படியே ஒட்டியிருந்தது. எதற்காகத் தூக்குகிறான் என்று விளங்காமல் தூரத்துக் கொல்லையில் இரண்டு பேர் தாங்களும் தூக்கினார்கள். மற்ற பேர் கையிலிருந்த துவரையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம், சில பேர் பிடுங்கிய குழியிலேயே திரும்ப நட்டுப் பார்த்தோம், அது பிழைக்கவில்லை.

அவன் கை மேலே இருக்கும்போதே சென்னம்மா குடித்தாள், பாதிச் சொம்பு. அவன் முகம் தெளிந்தது, கண் திறந்தது, நாக்கு உள்ளே போனது. பிறகு மீதிச் சொம்பை அவனிடம் நீட்டினாள்.

"எனக்குத்தான் தீந்துடுச்சே" என்றான்.

"எனக்குத் தீரல."

அவன் வாங்கி, தாகமில்லாமலே குடித்தான்.

துவரையைப் பிடுங்கிய கொல்லைகளில் வெள்ளிக்கிழமைக்குள் ராகி சாய்ந்துவிட்டது. சென்னம்மாவின் கொல்லையில் அந்த ஒரு செடி போன இடத்தில் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் காய்ந்தது, மற்றதெல்லாம் விடிந்தால் நிமிர்ந்தது. ஐப்பசிக்குக் கொஞ்சம் முன்னால் மழை வந்து, தாகமெல்லாம் அவரவர் தொண்டைக்குத் திரும்பியது, எப்படி வந்ததோ அப்படியே போனது, எங்களுக்கு அது இன்றுவரை விளங்கவில்லை. இப்போது ஏழாவது சாலில் கை வைப்பதைப் பற்றி ஊரில் யாரும் பேச்செடுப்பதில்லை. திம்மராயன் மட்டும் தாகம் அவரவருக்குத் திரும்பியதை இன்னும் நம்புவதில்லை, சோற்றுக்கு உட்கார்ந்ததும், தாகம் இருக்கிறதோ இல்லையோ, முதலில் தட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சொம்பைக் காலி செய்துவிட்டுப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கிறான்.